எங்கள் நாயின் பெயரில் ஊசி போட்டுக்கொண்ட நாய்

எங்கள் நாய்க்குப் பெயர் உண்டு. அதை இங்கே எழுத முடியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முன்னொரு காலத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவருடைய பெயர் அது. நான் வைத்ததல்ல, குட்டியாக எங்கள் வீட்டுக்கு வந்தபோதே அந்தப் பெயரோடுதான் வந்தது. அது நடக்கும் தோரணையைப் பார்த்து, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் யாரோ வைத்திருக்கிறார்கள். துரையின் பேரப்பிள்ளைகளில் யாராவது தமிழ் படித்துத் தொலைத்திருக்கக்கூடும் என்பதால் வெறும் நாய் என்றே எழுதுகிறேன்.

நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் நான் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறேன். என் வயிற்றைப் பார்த்தவர்கள் பாடத்தின் பிற்பாதியை நம்புவதில்லை. முற்பாதியை நம்பிக்கொண்டிருந்தார்கள், போன வருஷத்து ஆடி மழை வரைக்கும்.

நாய் வந்த முதல் வருஷம் செருப்புகளோடு போயிற்று. வலது கால் செருப்பு மட்டும்தான் தின்னும். இரண்டாவது வருஷம் சொறி. லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கொழுந்து லொறி ஓட்டுகிறவர் ஒரு போத்தல் கழிவு ஒயில் கொடுத்தார். நான் சுகாதார ஆசிரியர் என்பதை மறந்து அதைப் பூசினேன். சொறி போகவில்லை, என்னுடைய இரண்டு கால்சட்டைகள் போயின. டவுனில் மிருக வைத்தியர், அது தோலில் பட்டாலும் விஷம், நாய் நக்கினாலும் விஷம் என்று சொல்லி, உடனே கழுவச் சொன்னார். கழுவியதில் மூன்றாவது கால்சட்டையும் போயிற்று. பிறகு உண்ணி. பிறகு காதில் சீழ். திருவிழாவுக்கு வெடி போட்டால் கட்டிலுக்கு அடியில் புகுந்து இரண்டு நாள் வெளியே வராது. மற்ற நாட்களில் கொழுந்து லொறியைத் துரத்திக்கொண்டு போகும். லொறி நின்றுவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி வந்துவிடும். இதில் மட்டும் அதன் சுபாவமும் என் சுபாவமும் ஒன்று என்பாள் என் மனைவி. அவள் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறாள். நாய் படுப்பது அந்த மெஷினுக்கு அடியில். ஊரில் உள்ள எல்லா நாய்களுக்கு நடுவிலும் எங்கள் நாயை அவள் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பாள். எனக்கு அது கண்ணைத் திறந்தாலும் முடியாது.

தோட்டத்துக்கு நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வருகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. நான் மூன்று நாள் காலைக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினேன். சுவரொட்டி ஒன்றும் வரைந்தேன். வாயில் நுரை தள்ளும் நாய், அதற்குப் பக்கத்தில் ஒரு பேசின் தண்ணீர், நாய் தண்ணீரைக் கண்டு பின்வாங்குகிறது. கீழே, கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்று எழுதியிருந்தேன். நாய் ஆட்டைப் போல் வந்திருந்தது. ஆனாலும் விஷயம் விளங்கியது என்று பாடசாலை அதிபர் சொன்னார்.

ஊசி போட்ட இடம் கொழுந்து நிறுக்கிற மடுவம். நீளமான வரிசை. வரிசையில் பாதிப் பேர் என் மாணவர்களின் பெற்றோர். எனக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருக்கும்போது எங்கள் நாய், முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டு ஊசியோடு நின்ற மனிதரைப் பார்த்தது. தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பிக் கழுத்துப் பட்டியைக் கழற்றிவிட்டுத் தேயிலைக்குள் பாய்ந்துவிட்டது. என் கையில் சங்கிலியும் அதன் நுனியில் ஒரு வெறும் பட்டியும் இருந்தன.

நாய் ஓடிவிட்டது, பிறகு கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சாதாரண மனிதர் அப்படித்தான் சொல்வார். நான் மூன்று நாள் காலைக் கூட்டத்தில் பேசியவன். மடுவத்து வாசலில் யாருக்கும் சொந்தமில்லாத நாய் ஒன்று எப்போதும் கிடக்கும். மத்தியானம் ஆட்கள் போடுகிற ரொட்டித் துண்டில் வளர்கிற நாய். எங்கள் நாயைப் போல அதுவும் மண்ணிறம், அதற்கும் ஒரு கால் வெள்ளை. நான் குனிந்து அதன் கழுத்தில் பட்டியை மாட்டினேன். அது என்னை ஒரு தடவை பார்த்தது. பிறகு எழுந்து என்னோடு வரிசையில் நின்றது. ஊசி ஏறும்போது முனகக்கூட இல்லை. பெயர் கேட்டார்கள். எங்கள் நாயின் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் சிரித்துக்கொண்டே எழுதி, ஊசி போட்டதற்கான சீட்டுத் துண்டை என்னிடம் கொடுத்தார். என் மனைவி அதைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள்.

தானாகவே வீடு திரும்பியிருந்த எங்கள் நாயை அடுத்த கிழமையே டவுனுக்குக் கொண்டுபோய் ஊசி போட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். அடுத்த கிழமை பரீட்சை வந்தது. அதற்கடுத்த கிழமை மழை வந்தது. பிறகு எனக்கே அந்தத் துண்டு உண்மை போல் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

ஆடி மாதம் நாய் தும்மத் தொடங்கியது. முதலில் சளித் தடிமன் என்று நினைத்தோம். மழைக்கு எங்கள் எல்லோருக்கும்தான் தடிமன். பிறகு மூக்கைப் புல்லில் வைத்துத் தேய்த்தது. தலையைச் சிலுப்பியது. பழைய காதுச் சீழ்தான் திரும்பி வந்துவிட்டது என்று நான் காதைப் பரிசோதித்தேன். காதில் ஒன்றுமில்லை. ஒரு நாள் காலையில் வாசல் படியில் மூன்று நாலு சொட்டு இரத்தம். நாயின் ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தக் கோடு. மெஷினுக்கு அடியில் படுப்பதை விட்டுவிட்டு விறகுக் கொட்டிலுக்குள் போய்ப் படுத்தது. தொட்டால் உறுமியது. லயத்தில் மீண்டும் வைத்தியர்கள் கூடினார்கள். மிளகு புகை காட்டச் சொன்னார் ஒருவர். கோயிலில் நூல் மந்திரித்துக் கட்டச் சொன்னார் இன்னொருவர். எங்கள் நாய், மேல் லயத்து நாய் ஒன்றிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டது, அது சரிவரவில்லை என்றார் லொறிக்காரர். நான் விஞ்ஞான முறையில் அணுகுவதென்று, போனில் இருக்கும் டோர்ச்சைப் போட்டுக்கொண்டு, கொட்டிலுக்குள் மண்டியிட்டு, நாயின் மூஞ்சியைப் பிடித்துத் தூக்கி மூக்கின் துவாரத்துக்குள் பார்த்தேன்.

கடித்துவிட்டது. பெருவிரலுக்குக் கீழே இரண்டு பல்.

பீலிக்குப் போனேன். மலையிலிருந்து குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் அது, லயத்துக்கே அதுதான். காலை நேரம், வாளியோடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் என் சுவரொட்டியை நினைத்துக்கொண்டு சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினேன். அவர்களுக்குப் பஸ்ஸுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. ஊசி போட்ட நாய் கடித்ததற்கு மாஸ்டர் ஏன் தோல் உரியக் கழுவுகிறார் என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

மனைவியிடம் கல்விக் காரியாலயத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாதி சிங்களத்தில் விசாரித்தார். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்றார். இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன். ஒரு பாஷையில் சொல்ல முடியாததை இன்னொரு பாஷையில் சொல்வது இவ்வளவு லேசா என்று ஆச்சரியமாக இருந்தது. என்ன தொழில் என்று கேட்டார். ஆசிரியர் என்றேன். என்ன பாடம் என்றார். கணிதம் என்றேன்.

ஊசி போட்டார்கள். இன்னும் வர வேண்டிய நாட்களை எழுதித் தந்தார்கள். நாயைக் கட்டிவைத்துப் பதினாலு நாள் பார்க்க வேண்டும். நாய் செத்தாலோ அதன் போக்கு மாறினாலோ உடனே வந்து சொல்ல வேண்டும். அதன் போக்கு ஏற்கனவே மாறியிருந்தது. அதையும் சொன்னேன். தாதி தலையை நிமிர்த்தி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மீண்டும் எழுதினார்.

மூன்றாம் நாள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். கோபமாக வரவில்லை. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றார்.

"மாஸ்டர், நாய் மூக்குல ரத்தம் ஊத்துதாம். உங்களையும் கடிச்சிருச்சாம். பொம்பளைங்க மலைக்குப் போற வழி இது. பயப்படுறாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி ஆணியிலிருந்து துண்டை எடுத்துவந்து நீட்டினாள்.

"ஊசி போட்டிருக்குங்க தலைவரே. இந்தாங்க, பாருங்க."

அவர் துண்டை வெளிச்சத்தில் பிடித்து, பெயரைப் படித்துச் சிரித்து, திருப்பிக் கொடுத்தார். "அப்ப சரி. இது இல்லாட்டி இன்னைக்கே முடிச்சிருப்போம். நீங்க கோவிச்சாலும் பரவாயில்லன்னுதான் வந்தேன்."

முடிப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேல் லயத்தில் சந்தேகத்துக்குரிய நாய் ஒன்றை முடித்தார்கள். நாலு பேர், மண்வெட்டிப் பிடிகள். நான் அன்று ஜன்னலை மூடிக்கொண்டு விடைத்தாள் திருத்தினேன்.

எனவே உண்மையைச் சொன்னால் நாய் போய்விடும். சொல்லாவிட்டால், ஊசி போட்ட நாய் என்று எல்லோரும் பயமில்லாமல் இருப்பார்கள். இருந்தார்கள். தலைவர் போன பிறகு பிள்ளைகள் விறகுக் கொட்டிலுக்கு வந்து பிஸ்கட் போட்டார்கள். பெண்கள் கொழுந்துக் கூடையோடு கொட்டிலை உரசிக்கொண்டு போனார்கள். நான் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டுக் கொட்டில் வாசலில் ஒரு நாற்காலியில் குடையோடு உட்கார்ந்தேன். கிட்டே வந்தவர்களை எல்லாம் ஏதாவது சொல்லி விரட்டினேன். நாய்க்கு அமைதி வேண்டுமாம் என்றேன். ஒட்டும் தடிமன் என்றேன். ஒரு பெண்ணிடம், அது விரதம் என்றுகூடச் சொன்னேன். பெக்டரி வாட்ச்சர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், விண்ணப்பம் போடுங்கள் என்றாள் என் மனைவி. அவள் சிரித்தாள். நான் சிரித்ததுபோல் செய்தேன்.

தினமும் காலையில் என் சுவரொட்டிப்படி ஒரு பரிசோதனையும் செய்தேன். ஒரு நீளக் கம்பால் தண்ணீர்ப் பேசினைக் கொட்டிலுக்குள் தள்ளுவேன். நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஆசையாக ஓடிவரும். தண்ணீரில் மூக்கு படும். படபடவென்று தும்மிக்கொண்டு பின்னால் பாய்ந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நான் வரைந்த படம் அப்படியே உயிரோடு நின்றது. இது மட்டும் ஆடு போல் இல்லை. ஆறாம் நாளும் அதையே பார்த்தபின், நாற்காலியில் உட்கார்ந்து, நாய்க்கும் எனக்கும் சேர்த்து நாட்களை எண்ணினேன். நான் கணிதம் என்று சொன்னது வீண்போகவில்லை.

அன்று காலை பத்து மணி போல, எங்களுக்குப் பால் கொடுக்கிற அக்கா வந்தார். கொழுந்து எடுக்கிறவர், வீட்டில் இரண்டு மாடும் வைத்திருக்கிறார். அன்று அவருக்கு மலையில் வேலை இல்லை. பால் போத்தலை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கொட்டில் பக்கம் எட்டிப் பார்த்தார். நாய் அப்போதுதான் மறுபடியும் பேசினை மோந்து, தும்மிப் பாய்ந்தது.

"ரத்தம் ஒரு பக்கந்தான் வருதா மாஸ்டர்?"

ஆமாம் என்றேன்.

"இது எங்க தண்ணி குடிக்கும்?"

என் மனைவி முந்திக்கொண்டாள். வீட்டில் பேசினில் வைத்தால் குடிக்காதாம். பழைய பீலிக்குக் கீழே சேறு தேங்கி நிற்கிற குழியில்தான் குடிக்குமாம். துரை பெயர் வைத்தும் புத்தி அப்படி என்றாள்.

அக்கா தலையை ஆட்டினார். அவருடைய மாட்டுக்கும் போன மழையில் அதே குழியில் இப்படித்தான் வந்ததாம். காலில் ஏறுகிற அட்டை வேறு, தண்ணீரில் கிடக்கிற அட்டை வேறு. இது நூல் மாதிரி இருக்கும்போதே மூக்குக்குள் போய் ஒட்டிக்கொண்டு உள்ளேயே குடித்துக் கொழுக்கும். தண்ணீரை மோந்தால் அசையும், அதனால்தான் நாய் பாய்கிறது. காலையிலிருந்து தண்ணீர் காட்டாமல் வைத்துப் பின்னேரம் பேசினை மூக்குக்குக் கீழே பிடித்தால் அட்டை தானாகத் தலையை வெளியே நீட்டும். அப்போது பிடித்துவிடலாம். இதை எல்லாம் அவர் சட்னி அரைக்கும் முறையைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, மூன்று மணிக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

மூன்று மணிக்கு வந்தார். கையில் ஒரு சாக்குத் துண்டு, ஒரு டின்னில் கொஞ்சம் உப்பு. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே கொட்டிலுக்குள் குனிந்தார். வெறும் கை நாயின் மூஞ்சிப் பக்கம் போனது.

எனக்கு அந்த நேரத்தில் ஏதாவது பகிடி வந்திருக்க வேண்டும். என் வாழ்க்கையில் மோசமான இடங்களை எல்லாம் நான் பகிடி சொல்லித்தான் கடந்திருக்கிறேன். ஒன்றும் வரவில்லை.

"அக்கா, கைய எடுங்க. இதுக்கு ஊசி போடல."

வாசலுக்கு வந்திருந்த மனைவி, தைக்கிற துணியைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டாள். நான் மடுவத்தில் நடந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரியையும் சொன்னேன். சட்டைக் கையைத் தூக்கி ஊசி போட்ட இடத்தைக் காட்டினேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதைத்தான் நாலு நாளாக நாற்காலி போட்டுக் காவல் காத்திருந்தேன்.

அக்கா கையை எடுத்துக்கொண்டார்.

"நா அன்னைக்கு உங்களுக்குப் பின்னால எட்டாவது ஆளு, மாஸ்டர். நாயை மாத்தினதப் பார்த்தேன். மடுவத்து நாய்க்கும் ஒரு ஊசி போகட்டும்னு செய்றீங்கன்னு நெனச்சேன். மாஸ்டருக்கு நல்ல மனசுன்னு வீட்டுலயும் சொன்னேன்."

என் மனைவி என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். அவள் திரும்பி வரமாட்டாள் என்று நினைத்தேன். தடித்த ரெயின்கோட் ஒன்றையும், பெண்கள் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு ஒன்றையும், சமையலறையில் சூடான சட்டி தூக்குகிற தடித்த கையுறையையும் எடுத்து வந்தாள். கையுறையை அக்காவிடம் கொடுத்தாள். ரெயின்கோட்டை என் மேல் எறிந்தாள்.

"நீங்கதான் புடிக்கணும். உங்கள ஏற்கனவே கடிச்சாச்சு."

நான் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு, படங்கை நாயின் மேல் போட்டுச் சுற்றி, கழுத்துக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்தேன். மனைவி ஒரு துணி நாடாவால் வாயை மட்டும் கட்டினாள். அவள் தொட்டபோது உறுமவில்லை. பேசினை மூக்குக்குக் கீழே வைத்தோம். நாய் நடுங்கியது. நானும்தான். படங்குக்குள் யார் நடுங்குகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடப்பக்க மூக்கிலிருந்து கறுப்பாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. உள்ளே போயிற்று. மீண்டும் வந்தது. இந்தத் தடவை தண்ணீரைத் தேடி ஒரு விரல்கணு நீளத்துக்கு நீண்டது. அக்கா சாக்குத் துண்டால் உப்போடு சேர்த்து அதைப் பற்றி, இழுக்காமல், அது தானாகப் பிடியை விட்டு வெளியே வருமட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். வந்தது. கொழுத்து, என் சின்ன விரல் அளவுக்கு. உப்புப் போட்ட டின்னுக்குள் போட்டு மூடினார்.

நாய் இரண்டு தும்மல் தும்மியது. வாயை அவிழ்த்ததும் பேசினில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தது. தலையைத் தூக்கவில்லை. வெறும் பேசினை நக்கிக்கொண்டிருந்தது. என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

நான் எல்லாம் முடிந்தது என்று எழுந்தேன். அக்கா, அட்டை வந்ததால் வெறி இல்லை என்று ஆகிவிடாது, மிச்சம் எட்டு நாளும் கட்டியே வையுங்கள் என்றார். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னார்கள். எனக்கு மிச்ச ஊசிகளையும் போட்டார்கள். நான் வகுப்பில் அதையேதான் சொல்லியிருப்பேன். தலைவரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். நாய் தண்ணீர் குடிக்கிறதைத் தினமும் காலையில் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்; குடிக்காத அன்றைக்கு முடிப்போம் என்றும் சொன்னார். எட்டு நாளும், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் வந்து, குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். எட்டு நாளும் நாய் அவருக்காகக் குடித்தது. அவரோடு நிற்க ஆட்களும் வந்தார்கள். கடைசி நாள் சுமார் இருபது பேர். பதினாலாவது நாள் அது பேசினைக் காலி செய்ததும், தலைவர் என்னிடம் திரும்பி, இதற்கு மேல் நீங்கள் ஒழுங்காக இருந்தால் போதும் என்றார். நாய் என்று சொல்ல வந்து வாய் தவறியதல்ல, என்னைத்தான் சொன்னார்.

மறுநாள் நானும் மனைவியும் எங்கள் நாயை ஆட்டோவில் ஏற்றி டவுனில் மிருக வைத்தியர் காரியாலயத்துக்குக் கொண்டுபோனோம். இரண்டு பட்டி, இரண்டு சங்கிலி. சங்கிலிகள் மனைவியின் கையில். வழியில் நாய் என் மடியில் வாந்தியெடுத்தது. நான்காவது கால்சட்டை. மேசையில் இருந்த பெண் பழைய துண்டு இருந்தால் தரச் சொன்னார். என் மனைவி கொடுத்தாள். இந்த நாய்க்கு இந்த வருஷம் ஊசி போட்டாயிற்றே என்றார் அவர் சிங்களத்தில். மனைவி என்னைப் பார்த்தாள். நான் மூன்றாவது தடவையாக முழுவதையும் சொன்னேன். இந்தத் தடவை சிங்களமும் உதவி செய்யவில்லை.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு புதிய துண்டு ஒன்றை எடுத்தார். ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு துண்டு இருக்கக்கூடாது, குழம்பிவிடும் என்று சொல்லி, துரையின் பெயரை எழுதி, ராஜாக்களுக்குப் போடுவதுபோல் பக்கத்தில் இரண்டு என்று போட்டார்.

முதலாவதாக இருப்பது மடுவத்து வாசலில் கிடக்கிறது. அதன் துண்டை என் மனைவி சாமிப் படத்துப் பக்கத்திலிருந்து எடுக்கவில்லை. மத்தியானத்தில் அவள் அதற்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிறாள். அந்தத் துரையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது எழுந்து வருகிறது. எங்கள் நாய் இப்போதும் கூப்பிட்டால் வருவதில்லை.